தடுப்பூசிக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் பால் குடிக்க மறுத்த குழந்தை: என் அனுபவம்

ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் விட்டது. ஆனால் பால் குடிக்க வாய் வைத்ததும் மகள் வீறிட்டு அழுதாள். நாட்கணக்கில் இதே பாடு.

வயிற்று உப்புசம் என்று தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவைத்தோம். பலனில்லை. காதையும் வாயையும் மருத்துவர் பார்த்தார், புண்ணோ சளியோ இல்லை. பாராசிட்டமால் கொடுத்தால் சற்றுத் தேவலை, பிறகு பழையபடி. (சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி அல்ல, குழந்தையின் எடையைச் சொல்லி அளவு கேட்டே கொடுங்கள்.)

பிறகுதான் கவனித்தேன், என் இடப்பக்க மார்பில் குடிக்கும்போது மட்டும்தான் அழுகை! மடியில் அப்படிக் கிடத்தினால் அவளுடைய வலது தொடை அடியில் போகும். ஊசி போட்ட இடம் அதுதான். தோல் சிவக்கவில்லை, வெறும் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. விரல் நுனியால் மெல்லத் தடவினால் உள்ளே பட்டாணி அளவு கட்டி. அது என் கையில் அழுந்தியிருக்கிறது.

வலப்பக்கம் குடித்த அதே வாக்கில், திருப்பிப் போடாமல் இடப்பக்கம் நகர்த்தினேன். கால்கள் என் அக்குளுக்கடியில், வலது தொடை மேலே. அழாமல் குடித்தாள். அப்பாடா என்றிருந்தது.

டயப்பரின் தொடைப்பட்டியையும் தளர்த்திவிட்டேன். குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். கட்டியைத் தேய்க்கக் கூடாது. சில வாரம் இருந்து தானே கரையும். சிவப்பு பரவினாலோ, கட்டி பெருத்தாலோ, மீண்டும் காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.