முக்கியத் தரவுத்தளத்தைக் கைத்தவறிலிருந்து காப்பது எப்படி?

தரவுத்தளத்துக்கு ஆபத்து என்றதும் ஹேக்கரையே நினைக்கிறோம். ஆனால், எழுதும் உரிமையோடு உள்ளே இருப்பவர் தூக்கக் கலக்கத்தில் அனுப்பும் ஒரு கட்டளையும் அதே சேதத்தைச் செய்துவிடும். கவனமாக இருக்கச் சொல்வது போதாது; தவறான கட்டளை வந்தாலும் கணக்கே அதை மறுக்கும்படி அமைக்க வேண்டும்.

செயலிக்கு ஒரு கணக்கு, அட்டவணை அமைப்பை மாற்றுவதற்கு ஒரு கணக்கு, அறிக்கை எடுப்பவருக்குப் படிக்க மட்டுமே முடிந்த ஒரு கணக்கு என்று முதலில் பிரித்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அட்டவணையின் உரிமையாளர் அதை எப்போதும் ‘டிராப்’ செய்யலாம், அதாவது அடியோடு நீக்கலாம் என்பதால், செயலியின் கணக்கே உரிமையாளராக இருந்தால் மற்ற உரிமைகளைக் குறைத்தும் பயனில்லை. செஷனை (தரவுத்தளத்தோடு ஒருமுறை ஏற்படுத்தும் இணைப்பை) ‘ரீட் ஒன்லி’, அதாவது படிக்க மட்டும் என ஆக்கும் அமைப்பையும் பூட்டாகக் கருத வேண்டாம்; பயனரே அதை மாற்றிக்கொள்ள முடியும்.

கையால் திருத்த வேண்டிய நேரமும் வரும். அப்போது தரவை மாற்றும் ‘அப்டேட்’ கட்டளைக்கு முன், அதே நிபந்தனையை, தரவைப் படித்துக் காட்டும் ‘செலக்ட்’டில் போட்டு எத்தனை வரிசைகள் அகப்படுகின்றன என்று பாருங்கள். பிறகு, உறுதிசெய்யும்வரை மாற்றங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ‘பிகின்’ கட்டளையைக் கொடுத்து, அப்டேட்டை ஓட்டி, மாறிய வரிசைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்: 1 வர வேண்டிய இடத்தில் 48,210 வந்தால் பெரும்பாலும் எந்த வரிசைகள் என்று குறிக்கும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை விடுபட்டிருக்கும், ‘ரோல்பேக்’ கொடுத்தால் பழைய நிலை திரும்பிவிடும். எண்ணிக்கை சரியென்றால் உடனே ‘கமிட்’ செய்து மாற்றத்தை நிரந்தரமாக்குங்கள், ஏனெனில் பிகினில் தொடங்கி முடிக்காமல் திறந்தே கிடக்கும் டிரான்ஸாக்‌ஷன் அந்த வரிசைகளைப் பூட்டி வைத்து மற்றவர்களைக் காக்க வைக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் டிராப், ஆல்டர் (அமைப்பை மாற்றுவது), டிரங்கேட் (அட்டவணையைக் காலியாக்குவது) ஆகியவை தாமாகவே கமிட் ஆகிவிடுவதால் அவற்றுக்கு ரோல்பேக் கைகொடுக்காது. அதன் கட்டளைவரி கிளையண்டை ‘சேஃப் அப்டேட்ஸ்’ விருப்பத்தோடு திறந்தால், நிபந்தனையில் கீ (வரிசைகளைத் தேட உதவும் குறியீட்டுப் பத்தி) இல்லாமலும் ‘லிமிட்’ (வரிசை எண்ணிக்கைக்கு வரம்பு) இல்லாமலும் வரும் அப்டேட், டெலீட் கட்டளைகள் மறுக்கப்படும். இதே விருப்பத்துக்கு ‘நான் ஒரு மடையன்’ என்று பொருள்படும் இன்னொரு பெயரும் உண்டு, கூச்சப்படாமல் பயன்படுத்தலாம்.

ரெப்ளிகா (முதன்மைச் சர்வரை உடனுக்குடன் நகலெடுக்கும் இன்னொரு சர்வர்) இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்ற எண்ணம் தவறு. முதன்மைச் சர்வரில் அழித்தது சில நொடிகளில் ரெப்ளிகாவிலும் அழிந்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் நிலைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்பகத்தையே ஒரு பொறியாளர் அழித்தார். பேக்கப் கருவி பதிப்புப் பொருந்தாமல் தோல்வியடைந்து வந்ததும், அதற்கான எச்சரிக்கை மின்னஞ்சல்கள் யாரையும் எட்டாததும் அதன் பிறகே தெரியவந்தன. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்துத் தரவின் நகல்தான்) மிச்சத்தை மீட்டுத் தந்தது. ஆகவே புரொடக்‌ஷன் டெர்மினலுக்கு, அதாவது உண்மையான சர்வரில் கட்டளை இடும் திரைக்கு, தனி நிறம் கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை வேறொரு சர்வரில் உண்மையாகவே ரீஸ்டோர் செய்து, வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பேக்கப்போடு, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிவு செய்யும் போஸ்ட்கிரெஸின் ‘வால்’ (WAL) கோப்புகளையோ மைஎஸ்க்யூஎல்லின் ‘பின்லாக்’ (binlog) கோப்புகளையோ சேமித்து வந்தால், தவறு நிகழ்வதற்குச் சற்று முந்தைய கணம் வரை மீளலாம்.

யார் எதை மாற்றினார் என்ற ஆடிட் பதிவை, தரவுத்தள நிர்வாகியாலும் அழிக்க முடியாத வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பி வையுங்கள்.