இராமநாதபுரம் கரையிலிருந்து கொடைக்கானல் ஏரிக்கு: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கங்களிலிருந்து முதன்முறையாகக் கொடைக்கானல் ஏரிக்குச் செல்வோர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன். மதுரை வரையிலான பாதை எல்லோருக்கும் பழகியதே என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை இ-பாஸ் என்னும் இணையவழி நுழைவு அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் சொந்த வாகனத்திலோ வாடகை வேனிலோ வரும் வெளியூரார் அரசின் இணையதளத்தில் பதிவு செய்து இதைப் பெற்றாக வேண்டும். பாஸ் வாகனத்துக்கு வழங்கப்படுவதால் பதிவெண் தெரியாமல் விண்ணப்பிக்க இயலாது. நம் ஊர்களிலோ எந்த வண்டி வரும் என்பதை வேன்காரர் புறப்படும் அன்று காலையில்தான் சொல்வார். எனவே முன்பணம் கொடுக்கும்போதே பதிவெண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி மாறினால் புதிய பாஸ் எடுப்பது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். கோடையில் கூடுதல் கவனம் தேவை: 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என நீதிமன்றம் வரம்பே விதித்திருந்தது.

இரயிலில் செல்வோர் ‘கொடைக்கானல் ரோடு’ என்ற நிலையப் பெயரை நம்பி அங்கே இறங்க வேண்டாம். அது அடிவாரச் சமவெளியில், மலை நகரிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மதுரையில் இறங்கி, ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறுவதே நல்லது.

ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நம் கரையைவிடப் பன்னிரண்டு டிகிரிக்குமேல் குளிர்ச்சியாக இருக்கும். குழந்தைகளுக்குக் காதை மூடும் குல்லா அவசியம்.

ஏரி இயற்கையானதன்று. மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கி உருவாக்கியது. அதில் மிதந்த முதல் படகு நம் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள தூத்துக்குடியிலிருந்து சென்றது என்பர். மலையேறும் வழியில் காணும் வெள்ளி அருவி, இந்த ஏரி நிரம்பி வழியும் நீரே.

படகுத்துறையில் மிதிபடகு, துடுப்புப்படகு இரண்டும் கிடைக்கும். என் தேர்வு துடுப்புப்படகுதான். மிதிபடகில் கால் ஓய்ந்துவிடுகிறது, திருப்புவதற்கும் நேரமாகிறது. வாடை, கச்சான் காற்றுகளைப் பார்த்துக் கடலில் தண்டு (துடுப்பு) வலித்துப் பழகியவர்களுக்கும் இங்கு ஒரு செய்தி: ஏரி நட்சத்திர வடிவில் பல கைகளாகப் பிரிவதால், ஒவ்வொரு முனையைத் தாண்டும்போதும் காற்றின் திசை மாறக்கூடும். ஆகவே முதல் பாதி நேரத்திலேயே திரும்பத் தொடங்குங்கள். உயிர்காப்புச் சட்டையை, நீந்தத் தெரிந்தவரும் அணிய வேண்டும். கரையைச் சுற்றி ஏறத்தாழ 5 கி.மீ. சாலை உண்டு, வாடகை மிதிவண்டியில் காலையில் சுற்றுவது படகைவிட எனக்குப் பிடிக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர் கேட்டதால் எழுதுகிறேன். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இ-பாஸ் தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது; பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி கட்ட நேரும். எவர்சில்வர் பாட்டிலில் வீட்டிலேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.