சட்டத்தரணியிடம் எப்போது போவது? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காணித் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடும்பப் பிரிவு, சம்பளப் பாக்கி. நம் பக்கத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு வரும் சட்டச் சிக்கல்களைப் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடக்கிவிடலாம். இவற்றில் பலவற்றுக்குச் சட்டத்தரணியே தேவைப்படாது. தேவைப்படும் சிலவற்றுக்கோ இன்றைக்கே தேவைப்படும். எது எந்த வகை என்று பிரிக்க இரண்டு கேள்விகள் போதும். காலக்கெடு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா? யாராவது உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்களா?

முதல் படி: திகதிகளை எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து நடந்ததை வரிசையாக எழுதுங்கள். "பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வேலியைத் தள்ளிப் போட்டார்கள்" என்று சொல்வது நம் வழக்கம். நீதிமன்றத்துக்கு நாளும் மாதமும் வேண்டும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பற்றுச்சீட்டு, கைத்தொலைபேசிச் செய்திகள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து ஒரே கோவையில் வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆகவே வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதன் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். சிங்களம் அதிகம் புழங்கும் அம்பாறை நகரத்துப் பக்கம் போகிறவர்கள் இதை இரட்டைக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: காலக்கெடு

கடை நடத்துகிறவர்கள் முதலில் கேளுங்கள். கடைக் கொப்பியில் எழுதிய கடனுக்கு வழக்குப் போட 1 ஆண்டுதான் உண்டு. கைமாற்றாக வாய்ப்பேச்சில் கொடுத்த பணத்துக்கு 3 ஆண்டு, எழுத்தில் உள்ள கடனுக்கு 6 ஆண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் இன்றும் இதைத் தீர்மானிக்கிறது. தனியார் துறையில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரச அதிகாரி ஒருவர் அடிப்படை உரிமையை மீறினால் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கொழும்புக்கு ஓட வசதியில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மூன்றாம் படி: சட்டத்தரணி இல்லாமல் முடிவது எது?

சிறு தொகைக் கடன், அயலவர் சண்டை, வேலி மீறி வந்த மாட்டால் வந்த வாய்த்தகராறு போன்றவற்றுக்கு முதலில் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அமைத்த இந்தச் சபைகளில் கட்டணம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சட்டத்தரணி தோன்றவும் இடமில்லை. குறித்த தொகைக்குக் கீழான பிணக்குகளில், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் அங்கிருந்து வராமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. எனவே நேரே சட்டத்தரணியிடம் போனாலும் அவர் உங்களை அங்கேதான் அனுப்புவார்.

ஊழியர் சேமலாப நிதி கட்டாத முதலாளிக்குத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போதும். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் ஏமாற்றினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புப் பணம் கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் தாமே விண்ணப்பிக்கலாம். முஸ்லிம் தம்பதிகளின் விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்துக்கு உரியவை. அங்கும் சட்டத்தரணி தோன்ற முடியாது.

நான்காம் படி: காணி

இங்கே சற்று நின்று போவோம். ஏனென்றால் இரு மாவட்டங்களிலும் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற்றுவது காணிதான்.

காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இதுதான் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி முத்திரையில் கையெழுத்திட்ட "உடன்படிக்கை" காணியைக் கைமாற்றாது, எத்தனை பெரிய மனிதர்கள் சாட்சி போட்டிருந்தாலும். பணம் கைமாறுவதற்கு முன் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, ஏற்கனவே வேறொருவருக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பது அங்கே தெரியும்.

கல் ஓயாக் குடியேற்றங்களிலும் படுவான்கரையிலும் பலரிடம் இருப்பது உறுதி அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அந்தக் காணியைக் கைமாற்ற முடியாது. வயலை வாங்கி, விதைத்து, வீடும் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்பவர், தனக்குப் பின் காணி யாருக்குப் போகவேண்டுமோ அந்தப் பின்னுரித்தாளரை உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிட்டால், பிள்ளைகளுக்குள் பெரும் சண்டை ஒன்றைத் தவிர்க்கலாம்.

உங்கள் கையிலிருந்த காணிக்குள் யாராவது பலவந்தமாகப் புகுந்தால் 2 மாதக் கணக்குத் தொடங்குகிறது. அமைதிக்குப் பங்கம் வரக்கூடிய இத்தகைய தகராறுகளை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அவர்கள் இழுத்தடித்தால் சட்டத்தரணி மூலம் நீங்களே சத்தியக்கூற்றோடு போகலாம். நீதிமன்றத்துக்குத் தகவல் கிடைத்த நாளுக்கு முந்திய 2 மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவருக்கே உடைமை திரும்பக் கிடைக்கும். "பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள்" என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தின் நீண்ட வழக்குதான் மிஞ்சும்.

ஒரு குறுக்குக் குறிப்பு. தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு உரியது. நமக்குப் பொதுச்சட்டம். மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டப்படி பங்கு வேறு. சீதனமாகக் கொடுத்த வீட்டை மகள் பெயருக்கு உறுதி முடிக்காமல் விட்டிருந்தால், பெற்றோர் காலத்துக்குப் பின் சகோதரர்களும் அதற்குப் பங்காளிகள்.

ஐந்தாம் படி: தாமதிக்கக் கூடாதவை

கைது நடந்தால் உடனே சட்டத்தரணிக்கு அழையுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது பொதுவிதி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான தடுத்துவைப்பு அதற்கு விலக்கு என்பதால் அங்கே அவசரம் இன்னும் கூடும். வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

நுண்கடன் நிறுவனம் பொலிஸைக் காட்டிப் பயமுறுத்தினால் அஞ்ச வேண்டாம். கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டும் பொலிஸ் பிடிக்கும் குற்றம் ஆகாது. ஆனால் நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதை அலமாரியில் வைக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். முஸ்லிம் அல்லாதோரின் விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான். இருவரும் சம்மதித்தோம் என்பது அங்கே காரணமாகாது. மத்திய கிழக்கிலிருந்து ஒருவர், தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவத்தை அனுப்பும்போது, அதில் காணி விற்கும் அதிகாரம் உண்டா என்பதைச் சட்டத்தரணி வாசித்துச் சொல்லட்டும்.

ஆறாம் படி: சட்டத்தரணியைச் சந்தித்தல்

கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றும் எடுத்துச் செல்லுங்கள். தகுதி இருந்தால் வழக்கையும் இலவசமாக எடுத்து நடத்துவார்கள்.

தனிப்பட்ட சட்டத்தரணியிடம் போனால் கொப்பியையும் கோவையையும் கொடுத்துவிட்டு, எதிர்த்தரப்பு உங்களைப் பற்றிச் சொல்லக்கூடியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு கூச்சப்படாமல் கேளுங்கள்: மொத்தக் கட்டணமா, நீதிமன்றத் தவணை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவா? வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் அந்தத் தவணைக்கும் கட்டவேண்டுமா? மூல உறுதியைக் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். மாவட்ட நீதிமன்ற வழக்கில் புறொக்சியில், அதாவது உங்கள் சார்பில் தோன்றச் சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்திட்ட பிறகு சட்டத்தரணியை மாற்றுவதென்றால், பழைய புறொக்சி நீதிமன்ற அனுமதியோடு இரத்தாகும்வரை புதியவர் உங்கள் பேரில் பத்திரம் தாக்கல் செய்ய முடியாது. எனவே மாற்ற நினைத்தால், அடுத்த தவணைக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.