சாவி திரும்பாத பழைய மாருதி 800

எங்கள் வீட்டு மாருதி 800, 1998-ல் அப்பா வாங்கியது. இப்போது நான் ஓட்டுகிறேன். போன ஐப்பசியில் பழனி அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து சாவியைப் போட்டால் அசையவே இல்லை. பின்சீட்டில் அம்மா, தலைக்கு மேல் மழை மேகம். பக்கத்துக் கடைக்காரர் கட்டிங் பிளேயரோடு ஓடி வந்தார். "வேண்டாண்ணே, சாவி உடைஞ்சிரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவசரத்தில் எல்லோரும் செய்வது அதுதான். பாதிச் சாவி உள்ளே நின்றுவிட்டால் பூட்டையே கழற்ற வேண்டிவரும்.

முதலில் ஸ்டியரிங்கைப் பாருங்கள். அன்றைக்கு என் முன்சக்கரம் ஓரக்கல்லை முட்டி நின்றது. ஸ்டியரிங் லாக்கின் இரும்பு நாக்கு, ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்து, சக்கரத்தின் முறுக்கம் முழுவதும் அதன் மேல் ஏறியிருந்தது. அந்தப் பாரம் இறங்காமல் சாவி திரும்பாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாறை மாதிரி நிற்கும். இன்னொரு பக்கம் கொஞ்சம் இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாக இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வலது கையால் சாவியைத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு மூன்றாவது முயற்சியில் கேட்டது.

ஸ்டியரிங் சுலபமாக ஆடியும் சாவி திரும்பவில்லையா? அப்படியென்றால் சாவியையோ பூட்டின் உள்ளேயோ பார்க்க வேண்டும். பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் பற்கள் அவற்றைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். நான் பீரோவில் கிடந்த ஸ்பேர் சாவியை எடுத்து, தினமும் புழங்கும் சாவியோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்பேரின் பள்ளங்கள் விளிம்போடு கூர்மையாக இருந்தன. என் சாவியில் எல்லாம் சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று உருண்டிருந்தன. டூப்ளிகேட் போடப் போகிறவர்கள் தயவுசெய்து ஸ்பேரைக் கொண்டுபோங்கள். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டிக் கொடுப்பார்கள்.

ஸ்பேரும் சிக்கினால் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனரை (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) சாவித் துவாரத்தில் சிறிது அடித்து, சாவியைப் பத்துப் பதினைந்து தடவை போட்டு எடுங்கள். ஒவ்வொரு தடவையும் துணியில் துடையுங்கள், கருப்பாக வரும். நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் பவுடர் போதும். கிடைக்காவிட்டால் 6பி பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் தேய்த்துப் போடலாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். இரண்டு மாதத்தில் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

சாவி வெளியே வராமல் அடம்பிடித்தால், ஏசிசி (ACC) நிலையில், அதாவது லாக்குக்கு அடுத்து ரேடியோ மட்டும் வேலை செய்யும் இடத்தில் வைத்து, உள்ளே அழுத்தியபடி லாக் பக்கம் திருப்புங்கள். இந்த வண்டியின் அமைப்பே அப்படித்தான். பழக்கமில்லாதவர்கள் ரிப்பேர் என்று நினைத்துவிடுகிறார்கள். வண்டி ஓடும்போது மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் சாவி ஸ்டார்ட் நிலையிலிருந்து திரும்பாமல், 'கர்ர்ர்' என்ற சத்தம் தொடர்ந்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாவியைக் கையால் ஆஃப் நிலைக்குத் திருப்புங்கள். முடியாவிட்டால் உடனே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். இதற்காகவே டேஷ்போர்டில் 10 எம்எம் ஸ்பேனர் வைத்திருக்கிறேன். ஒயரும் மோட்டாரும் கருகிப் போகும் வேலை இது. அப்புறம் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சாவி நன்றாகத் திரும்பியும் டேஷ்போர்டு விளக்கு விட்டு விட்டு எரிந்தால், பூட்டுக்குப் பின்னால் இருக்கும் மின் சுவிட்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல பழைய வண்டிகளில் அது தனிப் பாகம். பூட்டை மாற்றாமல் அதை மட்டும் மாற்றலாம்.

பழனியிலிருந்து வந்த அன்றே சாவிக் கொத்தைப் பிரித்துவிட்டேன். வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி எல்லாம் இவ்வளவு காலமும் அந்தப் பூட்டில்தான் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. இப்போது வண்டிச் சாவி தனி வளையத்தில் இருக்கிறது.