பழைய கதையை இன்றோடு சேர்க்கும்போது

சரித்திரக் கதையோ கட்டுரையோ, மன்னரிடமிருந்து தொடங்காதீர்கள். இன்றும் கண்ணெதிரே கிடக்கிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயை எடுத்துக்கொள்வோம். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று அந்தக் கால்வாயிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. இரண்டு காலமும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது.

அடுத்து, கூலி என்ன என்று தேடுங்கள். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓரணா என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். இருவர் வாதமும் ஆவணத்தில் இருக்கிறது. மண் சுமந்தவள் என்ன சொன்னாள் என்பது அதில் இல்லை. கதை நுழைய வேண்டிய இடம் அதுதான். வாங்கிய தானியத்தைக் காய்ச்சி யாருக்கு முதலில் ஊற்றினாள்? தனக்கு எவ்வளவு வைத்துக்கொண்டாள்? இதையே கட்டுரையில் எழுதினால், "இப்படி இருந்திருக்கலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஊகத்தைத் தகவலாகக் காட்டுவது அந்தச் செத்துப்போன சனங்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'தெரியாதவை' என்று ஒரு தாள் வைத்திருப்பேன். மழை எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. தான் வெட்டுகிற பள்ளத்துக்கு ஆளுநரின் பெயர் வைப்பார்கள் என்றும் தெரியாது. 1878இல் பஞ்சம் தணியும் என்பது நமக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அது வசனத்தில் கொஞ்சம் கசிந்தாலும் அவள் பேசுவது நின்று, நாம் பேச ஆரம்பித்துவிடுவோம்.

நடைக்காகச் செந்தமிழை இழுத்து வர வேண்டாம். நிமிஷக் கணக்கை விட்டு, பொழுது சாய்வதையும் நிழல் நீள்வதையும் வைத்து அவளை நேரம் பார்க்கவிடுங்கள்.

இன்றைக்குத் தாவும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறோம். "இன்றும் நிலைமை அப்படியேதான்" என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். மாறியதை முதலில் சொல்லுங்கள். 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலை கேட்பதை உரிமையாக்கியது. 1877இல் அது சர்க்கார் மனது வைத்தால் கிடைப்பது. சரி, இதை ஒப்புக்கொண்ட அப்புறம், ஒரு ஆளுக்கு எவ்வளவு போதும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேளுங்கள். டெம்பிளையும் கார்னிஷையும் மறுபடி இழுக்க வேண்டாம். வாசகர் தானே பிடித்துக்கொள்வார்.