அமெரிக்க மாணவர் வீசா இழுபட்டால், மறுக்கப்பட்டால்: திருகோணமலை விண்ணப்பதாரர்களுக்கான செய்முறை

கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகம் முடிந்து வீசா இல்லாமல் வெளியே வந்தால், கையில் தந்த தாளில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 221(ஜி) என்றால் உங்கள் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. 214(பி) என்றால் அந்த விண்ணப்பம் முடிந்துவிட்டது. இதைப் பார்க்காமலே மறுநாள் 185 டொலர் கட்டிப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். 221(ஜி) வந்தவருக்கு அது வீண் செலவு.

படி 1: 221(ஜி) வந்தால்

ஏதாவது ஆவணம் கேட்டிருந்தால், தாளில் சொன்ன வழியில், கேட்டதை மட்டும், ஒரே தடவையில் அனுப்புங்கள். அதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. தவறினால் புதிய விண்ணப்பம், புதிய கட்டணம். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்றவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி சேருங்கள்.

எதுவும் கேட்காமல் ‘நிர்வாகப் பரிசீலனை’ என்றிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். இணையத்தில் விண்ணப்ப நிலை ‘மறுக்கப்பட்டது’ என்று காட்டும். பதறாதீர்கள், 221(ஜி)க்கு அப்படித்தான் காட்டும். அணு, ஏவுகணை போன்றவற்றோடு தொடர்புபடக்கூடிய துறைகளில் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஜே-1 வீசாவில் (பரிமாற்றத் திட்டங்களுக்கானது) போகும் விரிவுரையாளர்கள் தன்விவரம், வெளியீட்டுப் பட்டியல், ஆய்வைச் சாதாரண ஆங்கிலத்தில் விளக்கும் ஒரு பக்கம் ஆகிய மூன்றையும் நேர்முகத்துக்கே கொண்டுபோவது நல்லது.

2025 ஜூன் முதல் எஃப் (மாணவர்), ஜே வீசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கவேண்டும். பூட்டிய கணக்கும் தாமதத்துக்குக் காரணமாகலாம்.

படி 2: 214(பி) வந்தால்

இதற்கு மேன்முறையீடு கிடையாது. மீண்டும் விண்ணப்பிக்கக் காத்திருப்புக் காலமும் கிடையாது. ஆனால் அதே பதில்களோடு போனால் பெரும்பாலும் அதே முடிவுதான். மாணவராக வருகிறவர் குடியேறும் எண்ணத்தோடு வரவில்லை என்பதை அவரே காட்டவேண்டும் என்பது சட்டம். நேர்முகமோ சில நிமிடங்கள்தான். அங்கே தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

ஒன்று, படிப்பு. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர் ஏன் தரவு அறிவியலுக்குப் போகிறார் என்பதற்கு இரண்டு வாக்கியத்தில் பதில் வேண்டும். முகவர் எழுதித் தந்ததை ஒப்புவித்தால் அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டு, பணம். நேர்முகத்துக்கு முந்திய மாதம் கணக்கில் திடீரென 80 இலட்சம் விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள்: காணி விற்ற உறுதி, கடன் அனுமதிக் கடிதம், முதிர்ந்த நிலையான வைப்பு. தகப்பனாரின் வருமானம் மீன்பிடிப் படகிலிருந்தோ கடையிலிருந்தோ வருகிறதென்றால், பதிவுப் பத்திரமும் ஓராண்டு வங்கிக் கூற்றும் எடுத்துப் போங்கள். ஐ-20இல் (பல்கலைக்கழகம் உங்களுக்குத் தரும் அனுமதிப் படிவம்) காட்டிய தொகையும் நீங்கள் வாயால் சொல்லும் தொகையும் ஒத்துப்போகவேண்டும்.

மூன்று, திரும்பிவரும் திட்டம். ‘நாட்டுக்குச் சேவை செய்வேன்’ என்ற பொதுப்பேச்சு எடுபடாது. எந்தத் துறையில், எந்த வேலைக்கு என்று சொல்லுங்கள்.

இவற்றில் ஏதாவது உண்மையாகவே மாறிய பிறகு புதிய டிஎஸ்-160 (இணைய வீசா விண்ணப்பப் படிவம்) நிரப்புங்கள். முன்பு வீசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதுங்கள். மறைத்தாலோ போலி ஆவணம் கொடுத்தாலோ நிரந்தரத் தடை வரலாம். அதிலிருந்து மீள்வது மிகக் கடினம். தகப்பன் பெயர், சொந்தப் பெயர் வரிசை கடவுச்சீட்டில் உள்ளபடியே ஐ-20இலும் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

படி 3: தொடக்கத் தேதி நெருங்கினால்

எஃப்-1 மாணவர் வகுப்புத் தொடங்க 30 நாளுக்கு முன்னரே அமெரிக்காவுக்குள் நுழையமுடியாது. பிந்தினால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு உடனே எழுதி, எந்தத் தேதிவரை பிந்தி வரலாம் என்று கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஒத்திவைத்துத் திருத்திய ஐ-20 வாங்குங்கள். அதிலுள்ள செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு) இலக்கம் மாறாவிட்டால் 350 டொலர் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்டத் தேவையில்லை. மறுக்கப்பட்டவரும் அதே வகை வீசாவுக்கு 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் பழைய செவிஸ் கட்டணமே செல்லும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது நேர்முகத்துக்கு முந்திய நாளே கொழும்பு போய்விடுங்கள். திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் போய், தூக்கமில்லாமல் வரிசையில் நின்றால் தெரிந்த பதிலும் வாயில் வராது.