அனுபவம் குறைவு, ஆனாலும் ஐஐஎம்

எம்பிஏ படிக்க நினைத்தபோது வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான் தாண்டியிருந்தது. ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) நடத்தும் பிஜிபி என்ற மேலாண்மைப் படிப்புக்குப் பொதுவாக 24 மாத அனுபவம் கேட்பார்கள். எம்பிஏவுக்கு முன்கூட்டியே இடம் தரும் ஹார்வர்டின் 2+2 திட்டமோ கல்லூரியில் கடைசி வருட மாணவர்களுக்கு. சரி, அனுபவம் கட்டாயமில்லாத ஐஐஎம்தான் என்று அதன் நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதினேன்.

உண்மையான உழைப்பு ரெஸ்யூமே எழுதுவதில்தான் இருந்தது. 'குழுவில் பங்காற்றினேன்' மாதிரி வெற்று வரிகளைத் தூக்கிவிட்டு, கோவை பம்ப் ஆலையில் செய்த ஒன்றை மட்டும் விரித்து எழுதினேன். ஒரே மாடல் அடிக்கடி சர்வீஸுக்கு வந்தது. புகார்ச் சீட்டுகளை எக்செலில் ஏற்றி, பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் எந்த லாட்டில் (சரக்குத் தொகுதியில்) வந்தது என்று பார்த்துப் பிரித்தேன். கோளாறு ஒரே லாட்டில் இருந்தது.

நேர்முகத்தில் பாதி நேரம் அந்த சீல்தான்: மாற்ற என்ன செலவு, சப்ளையர் ஒத்துக்கொண்டாரா, கணக்கு யார் போட்டது? அனுபவம் குறைவென்று யாரும் வாய் திறக்கவில்லை. 'ஏன் இப்போதே எம்பிஏ?' என்பதற்கு மனப்பாடம் செய்த பதில் அப்படியே மிச்சம்.